அரை வாட் சொத்து

"செல்போன் இருக்கும்போது இது எதுக்கு சார்?"

கையடக்க ஹாம் ரேடியோ வைத்திருக்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. அபார்ட்மென்ட் லிஃப்டில் கேட்பார்கள், ஆபீஸ் கேன்டீனில் கேட்பார்கள், ஊருக்குப் போனால் மாமனார் கேட்பார். நியாயமான கேள்விதான். இதில் யாருடைய நம்பரையும் அழுத்திக் கூப்பிட முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். அவர் முடித்து "ஓவர்" சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம். (இந்தச் சட்டம் வீட்டிலும் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன் :-)) பேசுவதை ஊரே கேட்கலாம். வியாபாரம் பேசக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. சங்கேத பாஷை கூடவே கூடாது.

இத்தனை "கூடாது"களோடு வரும் ஒரு பொருளை ஏன் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்? இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. நூறு வருஷக் கதை இருக்கிறது. அதில் நம் சென்னையும் வரும், இந்த பெங்களூரும் வரும். நேரம் இருப்பவர்கள் ஒரு காபியோடு உட்காருங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஹாம் ரேடியோ என்பது காசுக்காக இல்லாமல், ஆர்வத்துக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் தனிமனிதர்கள் நடத்தும் வயர்லெஸ். அரசு வைக்கும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக்குறி பெற்று, அதற்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும் பேசலாம். நம் நாட்டு ஹாம்களின் குறி "வி.யு." என்று தொடங்கும். பேசும்போதெல்லாம் அந்தக் குறியைச் சொல்லியாக வேண்டும்.

பேங்க்காரன் பாஷையில் சொன்னால் பேரர் செக்குக்கும் அக்கவுண்ட் பேயீ செக்குக்கும் உள்ள வித்தியாசம். வீட்டு டிவியும் மிக்ஸியும் பேரர் செக் மாதிரி. கையில் வைத்திருப்பவனுடையது, அவ்வளவுதான். இந்தக் குட்டி ரேடியோ கோடு போட்ட செக். கடை பில்லில் உங்கள் பெயர் இருந்தால் போதாது, லைசென்ஸிலும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பேசுவதை விடுங்கள், வைத்திருப்பதே தப்பு.

இந்த லைசென்ஸில் இந்தியன் பெயர் ஏறிய கதைதான் நான் சொல்ல வந்தது.

முதல் பெயர் 1921ல் கல்கத்தாவில் ஏறியது. அமரேந்திர சந்திர குப்து என்பவர் இந்தியாவின் முதல் லைசென்ஸ் பெற்ற ஹாம். அழைப்புக்குறி 2 ஜே.கே. அதே வருஷம் முகுல் போஸ் இரண்டாமவராகச் சேர்ந்தார், குறி 2 எச்.க்யூ. பேச ஒருத்தர் இருந்தால் போதாதே, கேட்கவும் ஒருத்தர் வேண்டும். இரண்டாவது ஆள் வந்ததும்தான் நம் நாட்டில் ஹாம் உரையாடல் என்ற ஒன்று பிறந்தது.

அடுத்து நம்மூர். 1924 மே 16ல் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி. ஜூலை 31ல் ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிபரப்பியின் சக்தி 40 வாட். ஆமாம், ஒரு பழைய குண்டு பல்பு அளவு சக்தி. சர்க்காரும் நடத்தவில்லை, கம்பெனியும் நடத்தவில்லை. ஆர்வலர்கள் சேர்ந்து சந்தா போட்டு நடத்தினார்கள். பணமுடை வந்து 1927ல் கிளப் மூச்சை நிறுத்தியது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்னால் நடந்த கதை இது.

இந்தப் பக்கம் மைசூரில் 1935ல் எம்.வி.கோபாலசாமி, மைசூர் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியர், தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்து நிலையம் தொடங்கினார். அதற்கு "ஆகாசவாணி" என்று பெயர். பிற்பாடு அகில இந்திய வானொலி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. இன்று டெல்லி வரை புழங்கும் அந்த வார்த்தை மைசூரில் ஒரு வாத்தியார் வீட்டில் இருந்து போனது என்று சொன்னால் கன்னட நண்பர்களே சிலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

இதெல்லாம் சின்ன சக்தி, சின்ன மனிதர்கள். ஆனால் சர்க்காருக்கு இது சின்ன விஷயமாக இல்லை. 1885ம் வருடத் தந்திச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1933ல் வயர்லெஸ் தந்திச் சட்டம் என்று தனியாகவே ஒன்று கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். அது பேசும் கருவிக்கு மட்டுமல்ல, கேட்கும் பெட்டிக்கும்தான். நம் அப்பா காலத்தில் வீட்டு ரேடியோவுக்கு போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கிவந்தது பலருக்கு நினைவிருக்கும். 1980களில்தான் அது ஒழிந்தது.

1939ல் உலகப்போர் வந்தது. இந்தியாவில் இருந்த ஹாம்களின் லைசென்ஸ்களை ரத்து செய்து, ஒலிபரப்பிகளை ஒப்படைக்கச் சொல்லி எழுத்து மூலமாக உத்தரவு போனது. பதினெட்டு வருஷத்தில் சேர்த்த கணக்கு, ஒரே கடிதத்தில் குளோஸ்.

ஒப்படைக்காதவர்களும் இருந்தார்கள். பம்பாயில் நரிமன் பிரின்டர் என்ற ஹாம் தன் திறமையை வைத்துக் கட்டிக்கொடுத்த ஒலிபரப்பிதான், 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" நேரத்தில் காங்கிரஸ் ரேடியோவாகப் பேசியது. உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது. போலீஸ் மோப்பம் பிடிக்காமல் இருக்க ஜாகை மாற்றி ஜாகை மாற்றி ஒலிபரப்பினார்கள். சுமார் மூன்று மாதம் ஓடியது, நவம்பர் 12ல் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நாலு வருஷச் சிறை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தமாகப் பேசத் தெரிந்த ஒரு குடிமகனை அரசு எவ்வளவு பயத்தோடு பார்க்கும் என்பதற்கு 1939 சாட்சி. அந்தத் திறமை எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு 1942 சாட்சி. அதற்குப் பின் எழுதப்பட்ட விதிகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகின்றன.

இதே போர்க்காலத்தில்தான் கையடக்கக் கருவியும் பிறந்தது. அமெரிக்காவில், பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறிய கால்வின் கம்பெனி, எஸ்.சி.ஆர்.-536 என்று ஒரு ராணுவக் கருவி செய்தது. "ஹேண்டி டாக்கி" என்றால் அதுதான். எடை சுமார் 2.3 கிலோ, சக்தி அரை வாட்டுக்கும் குறைவு. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் ஆன் ஆகும், உள்ளே தள்ளினால் ஆஃப் ஆகும். தரையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் அதிர்ஷ்டம். முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போன வேறொரு கருவிக்குத்தான் "வாக்கி டாக்கி" என்று பெயர். இன்று நாம் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம்.

போர் முடிந்து 1946ல் நம் நாட்டில் மறுபடி லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1948ல் மத்தியப் பிரதேசத்தின் மாவ் ராணுவ சிக்னல்ஸ் பள்ளியில் அமெச்சூர் ரேடியோ கிளப் ஆஃப் இந்தியா உருவானது. அதுதான் 1954ல் டெல்லிக்குப் போய் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா ஆனது.

பெங்களூருக்கு இதில் இயல்பாகவே ஓர் இடம் அமைந்தது. 1948ல் ஐ.டி.ஐ., 1954ல் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்தன. டாடா இன்ஸ்டிட்யூட்டும் எச்.ஏ.எல்.லும் ஏற்கெனவே இருந்தன. பிறகு இஸ்ரோ. இந்தக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் சாலிடரிங் இரும்பு பிடித்த கை சாயங்காலமும் அதைப் பிடிப்பதில் அதிசயம் இல்லை. உதிரி பாகம் தேட எஸ்.பி. ரோடு, அங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்.

ஆனால் ரெடிமேட் ஜப்பான் கருவி என்பது அன்றைக்குக் கனவு. சுங்க வரி அப்படி. 1984ல்தான் ஹாம்கள் இறக்குமதி செய்யும் வயர்லெஸ் கருவிகளுக்கு அரசு வரிவிலக்கு கொடுத்தது. ராஜீவ் காந்தியே ஒரு ஹாம் என்பது பலருக்குத் தெரியாது. அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி. அவர் 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோது, அந்த வழக்கில் ரகசிய வயர்லெஸ் செய்திகளும் சாட்சியமாக வந்தன. பெயர் சொல்லித் திறந்து பேசும் பழக்கமும், பெயர் மறைத்துச் சங்கேதத்தில் பேசும் பழக்கமும் ஒரே ஆகாயத்தில்தான் நடக்கின்றன. சங்கேத பாஷை கூடாது, குறியைச் சொல்லாமல் பேசக்கூடாது என்ற விதிகள் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டாம்.

வரிவிலக்குக்கு முன்னாலும் பின்னாலும், சொந்தக் கையால் செய்வது மட்டும் நிற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யு.2 ஈ.எஸ்.ஈ.) "பிட்எக்ஸ்" என்று ஒரு கருவி வடிவமைத்தார். ஆறு வாட் சுமாருக்கு வரும். நம் கடைகளில் கிடைக்கும் சாமான்களே போதும். காயில் சுற்ற விசேஷ வளையம் கிடைக்காதா, தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றிக்கொள்! இந்த வரைபடத்தை வைத்து உலகம் முழுக்க ஹாம்கள் கருவி கட்டினார்கள். குறைந்த சக்தியில் பேசுவதையே ஒரு விரதமாக வைத்திருப்பவர்கள் ஹாம்களில் உண்டு. அவர்கள் பாஷையில் அதற்கு "க்யூ.ஆர்.பி." என்று பெயர், மோர்ஸ் என்றால் அதிகபட்சம் 5 வாட்.

இப்போது நம் கையடக்கக் கருவிக்கு வருவோம். 1997ல் ஜப்பானின் யேசு கம்பெனி வி.எக்ஸ்.-1ஆர் என்று ஒன்றை விட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எடை சுமார் 125 கிராம். சக்தி அரை வாட். 1941ன் ராணுவக் கருவியோடு ஒப்பிடுங்கள். சக்தி ஏறக்குறைய அதேதான், எடை மட்டும் 18ல் ஒரு பங்கு! 2012 வாக்கில் சீனத்து பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் வந்து விலையையும் உடைத்துப் போட்டது. ஒரு மாத மின்சார பில் தொகையில் நாலு வாட் கருவி.

அரை வாட் எங்கே போகும் என்று கேட்கலாம். இந்த அலைவரிசைகளில் (நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ்) சக்தியைவிட உயரம்தான் முக்கியம். கண்ணுக்கு எட்டுகிற தூரம் மாதிரிதான் கணக்கு. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர். எதிர்ப்பக்கமும் அதே போல் ஒருவர் இருந்தால் இருவருக்கும் நடுவில் 10. அதுவும் வெட்டவெளியில். நடுவே பத்து மாடி அபார்ட்மென்ட் நின்றால் இரண்டு கிலோமீட்டருக்கே திணறும்.

அதே கருவியோடு நந்தி மலைக்குப் போங்கள். மலை கடல் மட்டத்திலிருந்து 1478 மீட்டர், பெங்களூர் 920 சுமார். வித்தியாசம் 550 மீட்டர் என்றால் அடிவானம் 96 கிலோமீட்டர். நடுவில் குன்று ஏதும் மறைக்காவிட்டால், கணக்குப்படி ஓசூருக்கே எட்டும். சக்தி அதே அரை வாட்தான். "ரிப்பீட்டர்" என்பதும் இந்தத் தத்துவம்தான். உயரத்தில் ஒரு நிலையம் வைத்து, நம் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்புவார்கள். உயரமான இடத்தில் நமக்கு ஒரு தெரிந்தவர் இருப்பது மாதிரி!

மலைக்கும் மேலே போனால்? 1983ல் கொலம்பியா விண்கலத்தில் போன ஓவன் காரியட், ஒரு மோட்டரோலா கையடக்கக் கருவியை எடுத்துப்போய், ஜன்னலில் ஆன்டெனாவை ஒட்டிவைத்து, பூமியில் இருந்த நூற்றுக்கணக்கான ஹாம்களோடு தொடர்பு கொண்டார். விண்வெளியிலிருந்து பேசிய முதல் ஹாம் அவர்தான். 2005 மே 5ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6ல் கார்ட்டோசாட்-1 போனபோது கூடவே நம் ஹாம்சாட்டும் போனது. 42.5 கிலோ எடை, உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர். ஒன்று நம் நாட்டில் செய்தது, மற்றது டச்சு ஹாம் ஒருவர் செய்தது. கீழ்நோக்கி அனுப்பிய சக்தி சுமார் ஒரு வாட். ஒன்பது வருஷத்துக்கும் மேலாக, 2014 ஜூலை வரை, உலகத்து ஹாம்கள் அதன் வழியாகப் பேசினார்கள். 2025 ஜூலை 4ல் விண்வெளி நிலையத்தில் இருந்த சுபான்ஷு சுக்லா, பெங்களூர் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோ வழியாகத்தான் பேசினார்.

சரி, இதெல்லாம் விளையாட்டு, பெருமை. உயிருக்கு உதவுமா?

2004 டிசம்பரில் டெல்லியிலிருந்து பாரதி பிரசாத் (வி.யு.2 ஆர்.பி.ஐ.) தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமான் போயிருந்தது. பல வருஷமாக அந்தத் தீவுகளிலிருந்து யாருக்கும் ஹாம் அனுமதி கிடையாது. அவர் அலைந்து திரிந்து வாங்கிய அனுமதி அது. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹோட்டல் அறையில் நிலையம். டிசம்பர் 26 காலை பூமி ஆடியது, கடல் ஏறியது. போன் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்காக வைத்த நிலையம் அன்றே அவசர நிலையமாக மாறியது. குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்கும் கருவியோடு போனார்கள். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல், பெரிய நிலத்தில் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் அதே நாட்களில் விக்டர் குணதிலக (4 எஸ்.7 வி.கே.) முதலான ஹாம்கள், தெற்கே அழிந்துகிடந்த ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவில் பாலமாக இருந்தார்கள்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்தச் செய்தியின் மதிப்பு தெரியும். ஊரில் வெள்ளம் என்று டிவி சொல்கிறது, அம்மாவின் போன் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் "உங்க அம்மா பத்திரமா இருக்காங்க" என்ற நாலு வார்த்தைகளுக்கு எவ்வளவு கொடுப்போம்?

ஆனால் அந்த நாலு வார்த்தைகளைக் கருவி கொண்டுவரவில்லை. பழகிய ஆள் கொண்டுவந்தார். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எடுபடும், எப்போது வாயை மூடிக் கேட்க வேண்டும், பெயரை எப்படி எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று பல வருஷம் சும்மாவே பேசிப் பழகியவர்கள். டிராயரில் புது மெருகு குலையாமல் கிடக்கும் கருவியால் வெள்ளத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஆன்லைன் கடைகளில் இந்தக் கருவிகள் பொம்மை மாதிரி விற்றன. பையனின் பிறந்தநாளுக்கு, டிரெக்கிங் போக, அபார்ட்மென்ட் காவலாளிக்கு என்று வாங்கியவர்கள் பலர். 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. லைசென்ஸ் தேவையா, எந்த அலைவரிசை என்று சொல்லாமல் விற்கக்கூடாது. 1885, 1933 சட்டங்களுக்குப் பதிலாக 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஹாம் கருவியில் பேசலாம் என்று ஆகிவிடவில்லை. நாம் தெரியாமல் பேசும் அலைவரிசை போலீஸுக்கோ தீயணைப்புக்கோ ஒதுக்கியதாக இருந்தால், யாருடைய அவசரத்தையோ நாம் மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அர்த்தம்.

டிரெக்கிங்குக்கும் காவலாளிக்கும்தான் என்றால் லைசென்ஸ் தேவையில்லாத குறைந்த சக்தி வாக்கி டாக்கிகள் 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், போதும். பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், கருவிக்கு முன் பரீட்சை. 12 வயது நிரம்பினால் எழுதலாம். கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை. பத்தாம் வகுப்பு அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு மலையில்லை. காமர்ஸ் படித்த அப்பாக்களுக்கும்தான் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. ஹாம் கிளப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை கேட்டுப் பழகச் சொல்லுங்கள். கேட்கக் கற்றவன்தான் இதில் நன்றாகப் பேசுகிறான்.

லைசென்ஸ் வந்ததும் பிள்ளைக்கு ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். ஏழெட்டு எழுத்துகூட இருக்காது. ஆனால் உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. வீடு மாறலாம், வேலை மாறலாம், கருவி பழசாகலாம், குறி அப்படியே இருக்கும். கல்கத்தாவில் 1921ல் இரண்டு பேரில் தொடங்கி, ஒருமுறை மொத்தமாகப் பிடுங்கப்பட்டு, மறுபடி கேட்டு வாங்கிய வரிசையில் அது ஒரு புதிய பெயர். சட்டைப்பையில் இருக்கிற அரை வாட் கருவியை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். இந்தப் பெயரைச் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். ஹாம் ரேடியோவில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.